பக்கத்து அறையில் ஒரு மதியம்

ஜூன் 9, திங்கள்

எது எனக்கு வந்துவிடக் கூடாது என்று அம்மா இத்தனை வருஷமாகக் கோயில் கோயிலாக ஏறி இறங்கினாளோ, அது எப்போது வரும் என்று இன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் உட்கார்ந்து காத்திருக்கிறோம்.

அறை நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு ஒரு கட்டில், அம்மாவுக்கு ஒரு நீள பெஞ்சு, கூரை மூலையில் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கேமரா. காலையில் நர்ஸ் ரெஜினா அக்கா வந்து தலையில் ஒவ்வொரு ஒயராகப் பசை வைத்து ஒட்டினார்கள். மேலே துணி சுற்றி, ஒயர்களை எல்லாம் பின்னால் சேர்த்துக் கட்டினார்கள். "அம்மணிக்கு இப்பத்தானுங் நல்ல நீளமா சடை வந்திருக்குது" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை.

விஷயம் இதுதான். எனக்கு இருபத்தொரு வயது. ஆறு வயதிலிருந்து வலிப்பு. மாத்திரையை மாற்றி மாற்றிப் பார்த்தும் அடங்கவில்லை. அது மூளையில் ஒரே ஓர் இடத்திலிருந்து கிளம்புகிறது என்று தெரிந்தால், ஆபரேஷன் செய்து அந்த இடத்தை எடுத்துவிடலாமாம். தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு, ஒயரை மாட்டிக்கொண்டு, வரும்வரை காத்திருக்க வேண்டும். டாக்டர் வாசுகி இதைச் சொன்னபோது அம்மா, "வரலைன்னா?" என்று கேட்டாள். "வரணும்மா. வந்தாத்தானே பாக்க முடியும்?" என்றார் டாக்டர். அம்மா தலையை ஆட்டினாள். காதில் வாங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

கையில் ஒரு பொத்தான் கொடுத்திருக்கிறார்கள். வரப்போகிறது என்று தோன்றினால் உடனே அமுக்க வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

வரவில்லை.

எங்கள் பக்கத்தில் வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிப்பார்கள். அம்மா அதற்காகவே எங்கள் ஊர் பாவூர்சத்திரத்திலிருந்து ஒரு சாவிக்கொத்தைக் கொண்டுவந்து என் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். துணி மாற்ற வந்த ரெஜினா அக்கா எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, ஊட்டையே பூட்டிக் கொண்டாந்துட்டீங்களா?" என்று கேட்டார்கள். அம்மா வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அத்தை போன் செய்தாள். நான் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்க வந்திருப்பதாகத்தான் சொந்தக்காரர்களுக்குச் செய்தி. கல்யாணம் ஆக வேண்டிய பிள்ளை, வெளியே தெரியக் கூடாது. "எப்படிட்டி இருக்கு கோர்ஸு?" என்று அத்தை கேட்டாள். "தலைக்குள்ள ஏற மாட்டேங்குது அத்தை" என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

ஜூன் 11, புதன்

இன்றும் இல்லை. அம்மா முகத்தில் கவலையையே காணோம். மத்தியானம் தயிர்சாதம் பிசைந்து ஊட்டிவிட்டாள். எனக்குக் கை நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். "ஒயரெல்லாம் மாட்டிருக்குல்லா, நீ சும்மா வாயத் தொற" என்றாள். சோறு கசந்தது. நார்த்தங்காய் ஊறுகாய் அப்படித்தான் கசக்கும் என்றாள்.

ஜூன் 12, வியாழன்

யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுதப்போகிறேன்.

அது வருமுன் எனக்கு ஒரு மதியம் வரும். வயிற்றில் ஏதோ லேசாக எழும்பும், ஊஞ்சல் மேலே போகிறபோது எழும்புமே அப்படி. பிறகு வெளிச்சம் மாறும். அது காலையோ சாயங்காலமோ, உடனே மதியமாகிவிடும். சுவரில் நனைந்த சுண்ணாம்பு வாசனை. நான் ஒரு வீட்டுக்குள் இருப்பேன். எங்கள் வீடு இல்லை, ஆனால் மூலை முடுக்கெல்லாம் எனக்குத் தெரிந்த வீடு. தரை குளிர்ச்சியாக இருக்கும். பக்கத்து அறையில் யாரோ இருக்கிறார்கள். இதோ என்னைக் கூப்பிடப் போகிறார்கள். கூப்பிட்டுவிட்டால் போதும், எல்லாம் விளங்கிவிடும். அந்தச் சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கூப்பிடுவதற்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு நடப்பது எனக்குத் தெரியாது. கண் திறக்கும்போது நாக்கு வலிக்கும், அம்மா பக்கத்தில் இருப்பாள்.

எனக்கென்று தனியாக எதுவும் கிடையாது. அடுப்புப் பக்கம் விட மாட்டார்கள், மாடிப்படி ஏற விட மாட்டார்கள். கல்லூரிக்கு அனுப்பாமல் தபாலில் பி.ஏ. படிக்க வைத்தார்கள். குளிக்கிற அறைத் தாழ்ப்பாளை அம்மா எப்போதோ கழற்றிவிட்டாள். நான் குளித்து முடிக்கும்வரை வெளியே நின்று கத்திரிக்காய் விலையிலிருந்து அத்தை மருமகள் வரை பேசிக்கொண்டே இருப்பாள், நானும் 'உம்' கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த மதியத்துக்குள் மட்டும் யாரும் வர முடியாது.

இன்று அது வந்தது. சின்னதாக வந்து, வலிப்பு வராமலே கலைந்துபோயிற்று. அம்மா துணி காயப்போடப் போயிருந்தாள். பொத்தானை நான் அமுக்கவில்லை. கை எட்டவில்லை.

ஜூன் 13, வெள்ளி

பொத்தான் கையில்தான் இருந்தது.

ஜூன் 14, சனி

காலையில் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். மத்தியானம் டாக்டர் வாசுகி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மாத்திரையை நிறுத்தி இத்தனை நாளாகியும் என் ரத்தத்தில் மருந்து அப்படியே இருக்கிறதாம்.

"எப்படி உலகம்மாள்?" என்று என்னைக் கேட்டார்.

எப்படி என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வாயில் நார்த்தங்காய்க் கசப்பு மறுபடியும் வந்தது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, ஏற்கெனவே மடித்த துண்டை உதறி மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் சாப்பிட்டேன் டாக்டர். பயமா இருந்துச்சு" என்றேன்.

டாக்டர் என்னையே பார்த்தார். "சரி. வியாழக்கிழமை மத்தியானம் சும்மா உட்கார்ந்திருந்தவ திடீர்னு சிரிச்சியே, அது என்ன? கிராஃப்லயும் அந்த நேரத்துல ஒரு சின்ன மாற்றம் தெரியுது. பட்டனை ஏன் அமுக்கல?"

ஏதோ பழைய நினைப்பு என்றேன். நம்பவில்லை. எழுந்து போய்விட்டார்.

சாயங்காலம் அம்மா தலை வாரிவிடுகிறேன் என்று சீப்பை எடுத்தாள். தலையில் ஒயரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

ஜூன் 15, ஞாயிறு

ரவுண்ட்ஸ் வந்த டாக்டரை அம்மா வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"எம்பிள்ள பொய் சொல்லுதா டாக்டரம்மா. நாந்தான் மாத்திரையப் பொடிச்சுச் சோத்துல பெசஞ்சு குடுத்தேன்."

அம்மாவுக்கு அது போதவில்லை போல. இன்னும் சொன்னாள்.

"நீங்க வரணும் வரணும்ங்கிய. எனக்கு மண்டைக்குப் புரியுது. ஆனா அது வரும்போது இவ மொகம் எப்படிப் போகும்னு நான்லா பாத்திருக்கேன். வரவழைக்க மாத்திரைய நிறுத்துன்னா, பெத்தவ கை எப்படி நிறுத்தும்? அதுவாட்டுல எடுத்துப் பெசஞ்சிட்டு."

"கை மேல பழியப் போடாதீங்கம்மா" என்றார் டாக்டர். ஆனால் கோபமில்லை. இனி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். வேண்டுமானால் அம்மா இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வரலாம், நர்ஸ்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார். அம்மா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

அவர் போன பிறகு, "ஏட்டி, நீ எதுக்கு எனக்காகப் பொய் சொன்ன?" என்று கேட்டாள்.

"நீ எதுக்குமா மருந்து போட்ட?"

"அதான் சொன்னேனே."

"எனக்கும் அதான்."

அம்மா தன் குற்றத்தை ஒத்துக்கொண்டுவிட்டாள். என் பொத்தான் சங்கதி இன்னும் பாக்கி இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

வந்தது. நாக்கு கடிபட்டிருக்கிறது. எழுத முடியவில்லை.

ஜூன் 18, புதன்

தூக்கம். விழித்தால் கஞ்சி. மறுபடியும் தூக்கம். மாத்திரையைத் திரும்பவும் ஆரம்பித்துவிட்டார்கள். இந்தத் தடவை நர்ஸ் கையால்.

ஜூன் 19, வியாழன்

டாக்டர் வாசுகி அவர் அறைக்குக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். நான் விருப்பப்பட்டால் மட்டும் பார்க்கலாம் என்றார். அம்மா, "நான் பாக்காததா? நீ பாரு" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

என் வலிப்பை நான் பார்த்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமை கேமரா எடுத்த படத்தில் தலையில் துணி சுற்றிய ஒருத்தி கட்டிலில் சாய்ந்து கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்தாள். முகம் தெளிந்தது. லேசாகச் சிரித்தாள். அழகாகத்தான் இருந்தேன். இதுதான் என் மதியம் என்று புரிந்தது. உள்ளே இருந்து மட்டுமே எனக்குத் தெரிந்த ஒன்றை முதல் தடவையாக வெளியே இருந்து பார்த்தேன். கையில் இருந்த பொத்தான் நழுவிப் போர்வையில் விழுந்தது.

பிறகு வாய் தானாக எதையோ மெல்ல ஆரம்பித்தது. வலது கை விறைத்து மடங்க, இடது கை போர்வையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டது. பெஞ்சிலிருந்து அம்மா எழுந்தாள். ஓடவில்லை, பதறவில்லை. வந்து பொத்தானைத் தேடி எடுத்து அமுக்கினாள். கட்டிலில் ஏறி உட்கார்ந்து என் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்துக்கொண்டு கூப்பிட ஆரம்பித்தாள்.

"உலகு. ஏ உலகு. இங்க பாரு. அம்மா இங்கதான இருக்கேன். உலகு."

படத்தில் நான் அம்மாவைப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கத்து மூலையைப் பார்த்து அதே அரைச் சிரிப்போடு இருந்தேன். அம்மா மறுபடியும் கூப்பிட்டாள். உடம்பு தூக்கிப்போட்டது. என்னை ஒருக்களித்துப் பிடித்தபடி கூப்பிட்டாள். நர்ஸ்கள் ஓடிவந்து சூழ்ந்துகொண்ட பிறகும் அவர்களுக்கு நடுவிலிருந்து அம்மா குரல் கேட்டது. எல்லாம் அடங்கி நான் செத்தவள் மாதிரி கிடந்தபோதும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அழுகைக் குரல் இல்லை. சாப்பிட வா என்று கூப்பிடுகிற குரல்.

பக்கத்து அறையில் யாரோ கூப்பிடப் போகிறார்கள் என்று நான் அங்கே காதைத் தீட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம், என் காது ஓரத்திலேயே இவள் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஆறு வயதிலிருந்து. ஒரு தடவைகூட எனக்குக் கேட்கவில்லை.

டாக்டர் முன்னாலேயே அழுதேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

ஜூன் 20, வெள்ளி

டாக்டரிடம் மதியத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பொத்தானைப் பற்றியும்.

ஆச்சரியப்படுவார் என்று நினைத்தேன். இல்லை. "அதுவும் வலிப்புதான் உலகம்மாள். அங்கேதான் ஆரம்பிக்குது. சில பேருக்குப் பயம் வரும், சில பேருக்கு நாத்தம் வரும். உனக்கு நல்லதா ஏதோ வருது" என்றார்.

என் வீட்டை ஒருவர் மூளையின் மின்சாரக் கோளாறு என்று சொல்லிவிட்ட மாதிரி எனக்கு ஆத்திரம் வந்தது.

இடது காதுக்கு மேலே உள்ளே ஒரு தழும்பு இருக்கிறதாம். மூன்று வயதில் காய்ச்சலோடு ஓர் இழுப்பு வந்ததே, அது விட்டுவிட்டுப் போனது. எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. எடுக்கலாம். எடுத்தால் பெரும்பாலும் நின்றுவிடும், உறுதி கிடையாது. சில வார்த்தைகள் கொஞ்ச காலம் கைக்கு எட்டாமல் போகலாம்.

"அந்த மதியம்?" என்று கேட்டேன்.

"போயிடும். ரெண்டையும் பிரிச்சு ஒண்ண மட்டும் எடுக்க எனக்குத் தெரியாது. அவசரமில்ல. அம்மாவுக்காகவோ கல்யாணத்துக்காகவோ சரின்னு சொல்லாத. உனக்கு வேணுமான்னு யோசி."

ஜூன் 29, ஞாயிறு

ஊருக்கு வந்துவிட்டோம். தென்காசிப் பக்கம் சாரல் கட்டி நிற்கிறது. துவைத்த துணி காய்வதே இல்லை. அப்பா மார்க்கெட்டிலிருந்து மத்தியானமே வந்துவிட்டார். காய்கறிக் கமிஷன் கடையை மூடிவிட்டு அவர் பகலில் வீட்டுக்கு வருவது பொங்கலன்றுகூட நடக்காது.

"தலையத் தொறக்கிறதுன்னா லேசுப்பட்ட காரியமா? மாத்திரையிலயே ஓட்டிக்கிட்டாப் போதாதா?" என்றார். என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னார்.

எதையாவது சொல்லு என்று நான் அம்மாவையே பார்த்தேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே, "அவகிட்டக் கேளுங்க. அவ தலைதான அது" என்றாள்.

என்னை ஒரு விஷயத்தில் கேட்பது இந்த வீட்டில் இதுதான் முதல் தடவை. "யோசிக்கேன்பா" என்றேன்.

ஜூலை 16, புதன்

இன்று மதியம் வந்தது. முழுதாக வந்தது. அதே வெளிச்சம், அதே குளிர்ந்த தரை. இந்தத் தடவை வெளியே அம்மா கூப்பிடுவது கேட்கிறதா என்று உள்ளே இருந்தபடி கவனிக்க வேண்டுமென்று முன்பே நினைத்து வைத்திருந்தேன். உள்ளே போனதும் அது மறந்துபோயிற்று. அம்மா என்று ஒருத்தி இருப்பதே மறந்துபோயிற்று. அவ்வளவு சந்தோஷம்.

கண் திறந்தபோது அம்மாவின் தொண்டை கம்மியிருந்தது. எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தானும் ஒரு மடக்குக் குடித்தாள். முன்பும் அப்படித்தான் குடித்திருப்பாள். நான் பார்த்ததில்லை.

ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்காக இல்லை என்று டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மறுபடியும் கோயம்புத்தூர். நாளைக்கு ஆபரேஷன். தலை முழுவதையும் மழிக்க வேண்டாம், இடது பக்கம் மட்டும் போதும் என்றார்கள். முழுவதும் எடுத்துவிடுங்கள் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். அரைத் தலையோடு ஊருக்குப் போனால் ஆயிரம் கேள்வி வரும், மொட்டை என்றால் திருச்செந்தூர் வேண்டுதல் என்று சொல்லிக்கொள்ளலாம். அத்தைக்கு இப்போதே போன் செய்து சொல்லியும் விட்டாள். சொல்லி முடித்துவிட்டு, "முருகா, பொய்யாச் சொல்லிட்டேன், கொணமானதும் நெசமாவே வந்து போட்டிருதோம்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆக எனக்கு இன்னொரு மொட்டை காத்திருக்கிறது.

கண்ணாடியில் பார்த்தேன். என் தலை நல்ல உருண்டை. இத்தனை நாள் முடிக்குள் ஒளிந்திருந்திருக்கிறது.

பயமாக இருக்கிறது. செத்துப்போவேன் என்கிற பயம் கொஞ்சம். பிழைத்து எழுந்து பார்க்கும்போது நான் வேறு யாராகவோ இருந்தால் என்ன செய்வது என்கிற பயம் நிறைய.

ஆகஸ்ட் 23, சனி

இருக்கிறேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

எல்லாம் தண்ணீருக்குள் நடப்பதாகத் தோன்றுகிறது. ஆட்கள் மெதுவாக வருகிறார்கள், மெதுவாகப் போகிறார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருக்கிறது. தூங்கும்போது கனவு வருகிறது, விழித்தாலும் அது முழுதாகப் போவதில்லை. நேற்று ஜன்னலில் ஒரு புறா வெகு நேரம் எனக்குக் கணக்குப் பாடம் நடத்தியது.

வார்த்தைகள் சில காணாமல் போயிருக்கின்றன. காலையில் ரசம் ஊற்றச் சொல்லி, "எம்மா, அத எடு, அதான், கொழம்பு அள்ளுவோம்லா" என்றேன். கரண்டி. அதைக் கண்ணால் பார்க்கிறேன், என்ன செய்யும் என்று தெரிகிறது, பெயர் மட்டும் இல்லை. அம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் முகம் கோணிக்கொண்டு வந்தது. உடனே சரிசெய்துகொண்டு, "எனக்கு மட்டும் என்ன, உங்கப்பா பேரே பாதி நேரம் வாயில வர மாட்டேங்குது" என்றாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வீடு. வலிப்பு இல்லை. மதியமும் இல்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

இல்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

கரண்டி திரும்பி வந்துவிட்டது. ஜாதிக்காய், திருகாணி, உத்தரம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேருகின்றன. எந்த வார்த்தை வந்தாலும் அம்மாவிடம் சத்தமாகச் சொல்கிறேன். "வா வா" என்கிறாள், விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி.

எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். நான் இல்லை. இதை இங்கே எழுதாமல் எங்கே எழுதுவது? அந்த மதியம் எனக்கு வேண்டும். சாப்பிட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன். பின்வீட்டில் சுண்ணாம்பு அடிக்கிறார்கள் என்று போய் நின்று மோந்து பார்த்தேன். சுண்ணாம்பு வாசனைதான் வந்தது. அந்த வீட்டில் பக்கத்து அறையில் இருந்தது யார் என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை. ஒருத்தரும் சாகாமலே எனக்குத் துக்கம் வந்திருக்கிறது, விசாரிக்க வர ஆள் இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

இன்று அம்மாவோடு பெரிய சண்டை. குளித்துக்கொண்டிருந்தேன். அவள் வழக்கம்போல வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தாள். நான் வேண்டுமென்றே 'உம்' கொட்டாமல் இருந்தேன். சட்டென்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

நான் கத்தினேன். "எனக்கு இருந்த ஒரே எடத்தையும் வெட்டி எடுத்தாச்சு. இங்கயாவது என்னத் தனியா விடக் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன். அவளுக்கு மதியத்தைப் பற்றி எதுவும் தெரியாது. ஈரத்தோடு நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த வீடு, அந்த வெளிச்சம், கூப்பிடப்போகிற ஆள்.

அம்மா முழுதும் கேட்டாள். "அப்போ அது வரும்போது நீ கஷ்டப்படலியா?" என்றாள்.

"இல்லமா. சந்தோஷமா இருந்தேன்."

அவள் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். "இத மொதல்லயே சொல்லப்பிடாதாட்டி? பிள்ள என்ன பாடு படுதோ, என்ன பாடு படுதோன்னு நான்..." என்று அழுதாள். இவ்வளவு வருஷத்தில் அம்மா வாய்விட்டு அழுது இன்றுதான் பார்த்தேன். எனக்குக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. துண்டைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்சம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உனக்குச் சரியாப் போச்சு. எனக்கு இன்னும் போகல. எனக்கும் பழகணும்லா? கொஞ்சம் பொறு" என்றாள்.

டிசம்பர் 3, புதன்

கோயம்புத்தூரில் காட்டிவிட்டு வந்தோம். இதுவரை நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டு வருஷம் பார்த்த பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர் வாசுகி. மாத்திரை தொடர வேண்டும். நீச்சல் வேண்டாம், வண்டி ஓட்டுவது இப்போது வேண்டாம். "பஸ்ஸுல தனியா போலாமா?" என்று நான் கேட்டேன். டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா கூரையைப் பார்த்தாள்.

திரும்பும்போது ரெஜினா அக்காவைப் போய்ப் பார்த்தோம். என் தலையைத் தடவி, "இப்ப வளர்றது சொந்தச் சடையாக்கும்" என்றார்கள்.

ஜனவரி 5, திங்கள்

தென்காசியில் டைப்பிங் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். அம்மாவும் கூடவே வந்து வெளியே உட்கார்ந்திருக்கிறாள். டைப்பிங் மாஸ்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நீங்களும் சேந்துக்கிடுதீங்களாம்மா?" என்று கேட்டார்.

ஜனவரி 20, செவ்வாய்

இன்று தனியாகப் போனேன். எனக்கு முன்னால் அம்மாதான் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை வந்தாள். பஸ் வந்ததும் ஏறு என்றாள். பஸ் நகரும்போது அவளைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். பார்த்துவிட்டேன். அவளும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

போனதெல்லாம் சரியாகத்தான் போனேன். வரும்போதுதான் கோளாறு. வகுப்பு முடிந்து எங்கள் ஊர் வழியாகப் போகிற ஒரு டவுன் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது, காற்று நன்றாக இருந்தது, மாத்திரை அசதி வேறு. தூங்கிவிட்டேன். கண்டக்டர் தோள் பக்கத்துக் கம்பியைத் தட்டி, "எக்கா, கடைசி ஸ்டாப்பு, எறங்குங்க" என்றபோதுதான் விழித்தேன்.

இறங்கிப் பார்த்தேன். ஒரு டீக்கடை, ஒரு மண்டபம், அதற்குப் பின்னால் வெட்டவெளி. தூரத்தில் காற்றாலைகள் அதிகம் காற்றில்லாமல் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தன. நல்ல மதியம். ஒரு நாய் நிழலைத் தேடி இடம் மாறிப் படுத்தது. அது வருமோ என்று அப்படியே நின்றேன். வயிற்றில் ஒன்றும் எழும்பவில்லை. வெளிச்சம் மாறவில்லை. வெயில் வெயிலாகவே அடித்தது. இந்த ஊரை இதற்குமுன் நான் பார்த்ததே இல்லை, பார்த்த மாதிரியும் இல்லை. எனக்கு இது எதையும் விளக்கப்போவதில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். கடைக்கார அம்மா ஒன்றும் கேட்காமல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள்.

போன் அடித்தது. அம்மா.

"ஏட்டி, எங்க இருக்க? நேரமாச்சுல்லா."

"பஸ்ஸுல தூங்கிட்டேன்மா. கடைசி ஸ்டாப்புக்கு வந்துட்டேன்."

"தூங்குனியா? தூக்கந்தானா?"

"தூக்கந்தான்மா."

"எந்த ஊருட்டி அது?"

"தெரியலமா. காத்தாடியெல்லாம் நிக்கி."

செருப்பைக் காலில் மாட்டுகிற சத்தம் கேட்டது. கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. அவள் அங்கேயே நிற்கிறாள் என்று தெரிந்தது.

"திரும்பி வர பஸ்ஸு எப்பமாம்?" என்றாள்.

"டிரைவர் சாப்ட்டு முடிச்சதும் இதே பஸ்ஸுதானாம்."

"நீ சாப்ட்டியா?"

"இல்ல."

"எதையாவது வாங்கிச் சாப்பிடு. வெறும் வயித்தோட இருக்காத." செருப்பைக் கழற்றிப் போடுகிற சத்தம் கேட்டது. "நான் வரல. நீ பைய வா."

வைத்துவிட்டாள். நான் வைக்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்காதவள், இன்று அவளே முதலில் வைத்துவிட்டாள்.

ஒரு உளுந்த வடை வாங்கிச் சாப்பிட்டேன். பஸ் கிளம்ப இன்னும் நேரமிருந்தது. டிரைவரிடம் சொல்லிவிட்டு, காற்றாலைகள் இருக்கிற பக்கமாகக் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தேன்.